ஆசிரியர் நம்பிக்கையும் தொழில் துணிவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு கல்வியையும் தொழிலையும் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார்கள். நாம் பெரும்பாலும் உத்தியோகத்தை நம்பி இக்கல்கத்தா நகருக்கு வந்த குடும்பத்தார். மாதம் பிறந்தால் சம்பளம். அதில் ஊருக்கு ஒரு பங்கு. எஞ்சியதில் பிள்ளைகளின் படிப்பு. இத்தகைய வீட்டில் வளர்ந்த பையன், "வேலைக்குப் போகவில்லை, சொந்தமாய்த் தொழில் தொடங்குகிறேன்" என்றால் பெற்றோருக்கு நெஞ்சு திக்கென்கிறது. அந்த அச்சத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் அப்பிள்ளைக்கு அத்துணிவு எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் பார்ப்பது நலம். பணத்திலிருந்து வந்திருக்க முடியாது. அது நம்மிடம் இல்லை. பெரும்பாலும், அவனை நம்பிய ஓர் ஆசிரியரிடமிருந்து வந்திருக்கும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டா. அப்பர் சர்க்குலர் ரோடு என்று முன்னர் வழங்கிய சாலை இன்று ஆச்சாரிய பிரபுல்ல சந்திரர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்தில் அவ்வழியே போகும் நம்மில் எத்தனை பேர் அப்பெயரை ஒரு கணம் நினைக்கிறோம்?

பிரபுல்ல சந்திர ராய் 1861-இல் பிறந்தவர். எடின்பரோவில் இரசாயனம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் உதவிப் பேராசிரியரானார். அதனோடு அமைந்திருக்கலாம். ஆனால், பட்டம் பெற்ற வங்க இளைஞர் அனைவரும் குமாஸ்தா வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் முண்டியடிப்பது அவர் மனத்தை அறுத்தது. 1892-இல், ஏறத்தாழ 700 ரூபாய் முதலைக் கொண்டு, தாம் குடியிருந்த 91-ஆம் எண் வீட்டிலேயே மருந்துச் சரக்குகள் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் பெங்கால் கெமிக்கல் ஆயிற்று.

அந்த வீட்டின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சோடியம் பாஸ்பேட் செய்வதற்கு எலும்பு வேண்டும். கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாய் எலும்பு வாங்கி மாடியில் உலர்த்தினார். மழை பெய்தது, எலும்பு அழுகியது, காக்கைகள் கூடின, அண்டை வீட்டார் கூச்சலிட்டார்கள். வேறிடம் கொண்டுபோய் எரித்தபோதோ, எவரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று போலீஸார் ஐயுற்று வந்தனராம்! கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இத்தனைக்கும் நடுவே நின்று, வகுப்பு முடிந்து வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலை செய்தார். மாணவர் கண்டது இதைத்தான். "தொழில் செய்யுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்லும் ஆசிரியர் பலர் உண்டு. நம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்களையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தம் கையையே முதலில் அமிலத்தில் நனைத்த ஆசிரியர் அரியர்.

அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவர் அவரோடு கூடினார். உள்நாட்டு மருந்தை ஐயத்தோடு நோக்கிய காலத்தில், தம் சக மருத்துவர்களிடம் அதனை எடுத்துச் சென்றவர் அவரே. இரசாயனத்தில் எம்.ஏ. தேறிய சதீஷ் சந்திர சிங்கர் என்ற இளைஞரும் வந்து சேர்ந்தார். சிறிது காலத்துக்குள், ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோசயானிக் அமிலத்தின் நஞ்சு விபத்தாய்த் தாக்கி அவ்விளைஞர் உயிர் நீத்தார். அமூல்ய போஸும் பிளேக் நோய்க்குப் பலியானார்.

இவ்விடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். நம்பி வந்த ஒருவன் இறந்துபோனான். வேறொருவராயின் கடையை மூடிவிட்டுக் கல்லூரியே கதியென்று இருந்திருப்பார். ஊராரும் அதையே அறிவு என்று போற்றியிருப்பர். ராயோ தனியராய் அச்சுமையைத் தாங்கினார். 1901-இல் அது லிமிடெட் கம்பெனியாயிற்று. 1903-இல் ராஜசேகர் போஸ் என்னும் இளம் இரசாயனி அங்கே வேலைக்குச் சேர்ந்து, நெடுங்காலம் அதனை நிர்வகித்தார். 'பரசுராம்' என்ற புனைபெயரில் வங்காளத்தைச் சிரிக்க வைத்த எழுத்தாளரும் அவரே. முன்னவர் முடிவை அறிந்தும் பின்னவர் வந்தார் என்றால், தோல்வி நேரினும் இவர் கைவிட்டு ஓடமாட்டார் என்ற உறுதியே காரணம் என்று நாம் கருதுகிறோம். 1921-இல், அறுபது வயது நிரம்பியபோது, ராய் தம் பல்கலைக்கழகச் சம்பளம் முழுவதையும் அப்பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். அறிவியல் கல்லூரிக் கட்டடத்தில் ஓர் அறையில் மாணவரோடு வாழ்ந்து, 1944-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய மாணவர் யாவரும் வணிகத்துக்குப் போய்விடவில்லை. ஞான சந்திர கோஷ் அறிஞராய் உயர்ந்து, கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். எவனை எதற்கு அனுப்புவது என்று அறிவதும் நம்பிக்கையின் ஒரு பகுதியன்றோ?

மாணவன் பக்கமும் ஒன்று உண்டு. சோதனை பிழைத்தால் மதிப்பெண் குறையுமென்று அஞ்சி விடையைத் திருத்தி எழுதும் பையன், நாளைத் தொழிலில் நட்டம் வந்தாலும் கணக்கைத் திருத்தி எழுதுவான். "ஐயா, கெட்டுவிட்டது" என்று அச்சமின்றிச் சொல்ல இடமளித்த வகுப்பறையில் பயின்றவனுக்கோ, நட்டத்தைக் கண்டவுடன் ஒளிக்கும் பழக்கம் இராது. கடன் கொடுப்போர் ஜாமீனுக்கு முன்பாக இதனைக் கேட்டறிந்தால் நன்றாயிருக்கும்!

மேற்கே பரோடாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இரசாயன ஆசிரியர் த்ரிபுவனதாஸ் கஜ்ஜர் 1890-இல் கலாபவன் என்ற தொழிற்கல்விக் கூடம் நிறுவத் துணைநின்றார். 1907-இல் அவரும் அவருடைய மாணவர்களும் கூடி அலெம்பிக் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர்.

நம்மவர் கதையும் ஒன்று சொல்லியாக வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1917-இல் இதே அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். ராய் இரசாயனத்துக்கு, ராமன் பௌதிகத்துக்கு. பின்னர் 1943-இல், தம்மிடம் ஆராய்ச்சி பயின்ற கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து ராமன் திருவாங்கூரில் ஓர் இரசாயனக் கம்பெனி தொடங்கினார். தீப்பெட்டித் தொழிலுக்கு வேண்டிய பொட்டாசியம் குளோரேட் அங்கே செய்யப்பட்டது. நோபல் பரிசு பெற்றவருக்குத் தீக்குச்சி மருந்து என்ன வேலை என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம்.

பெற்றோர்களிடம் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் மகனோ மகளோ, "என் பேராசிரியர் இதைச் செய்து பார் என்கிறார்" என்று வந்து நின்றால், உடனே மறுக்காதீர்கள். உடனே பணமும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பேராசிரியரைப் போய்ப் பாருங்கள். முதலாண்டு ஒன்றும் விற்காவிடில் என்ன செய்வது என்று நேரிலேயே கேளுங்கள். அவர் முகம் கொடுத்து விடை சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் உழைத்து ஓய்வு பெற்ற பெரியோர் பலர் இவ்வவையில் வீற்றிருக்கிறார்கள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் சங்க நூலகத்தில் வந்தமர்ந்து நம் பிள்ளைகளோடு பேச இசைவோர், இன்று சிற்றுண்டிக்குச் செல்லுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.