தந்தை செல்வா: வாக்கில்லாதவர்களுக்காக நின்றவர்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் 31 தந்தை செல்வா பிறந்த நாள். ஏப்ரல் 26 அவர் மறைந்த நாள். இரண்டுக்கும் நடுவிலேதான் எங்கடை வருடப்பிறப்பு வருகுது. அவரைப் பற்றிக் கதைக்கச் சொல்லித் தலைவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. ஆனால் புகழ்மாலை சூட்ட நான் வரவில்லை. ஒரு பாராளுமன்ற உறுப்பினராக அவர் யாருக்காக நின்றார், அதிலே எங்களுக்கு இன்றைக்கு என்ன பாடம் இருக்குது என்பதை மட்டும் பார்ப்போம்.

பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 இல் மலாயாவில் ஈப்போ என்ற ஊரில் பிறந்தார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த குடும்பத்துப் பிள்ளை. உங்களைப் போலத்தான்! பிறகு தெல்லிப்பழையில் வளர்ந்தார், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார், கொழும்பில் ஆசிரியரானார். சகோதரர் கடும் நோயில் கிடந்தபோது லீவு கிடைக்கவில்லை என்று அந்த வேலையை விட்டார். பிடித்த கதிரையை விடத் தெரிந்த மனிதர் என்பது அப்போதே தெரிந்தது. பின்னர் சட்டம் படித்துச் சிவில் வழக்குகளில் பெயர் எடுத்தார். 1947 இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அப்போது வயது 49.

அடுத்த வருடம், 1948 இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களில் ஏழு இலட்சம் பேர் அளவில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் வாக்குப் போட்டவர்கள் 1952 தேர்தலில் போட முடியவில்லை. அதே 1948 இல்தான் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். செல்வநாயகம் சேரவில்லை. வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோருடன் வெளியேறி, 1949 டிசம்பர் 18 ஆம் திகதி கொழும்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இந்த இடத்திலே கொஞ்சம் நின்று யோசியுங்கோ. நுவரெலியாவில், அட்டனில் கொழுந்து பறிக்கிற ஒரு தாய்க்குக் காங்கேசன்துறையில் வாக்கு இல்லை. சட்டம் வந்த பிறகு எந்த ஊரிலும் இல்லை. அவருக்காகக் கதைத்தால் செல்வநாயகத்துக்குப் பெட்டியில் ஒரு வாக்குக்கூட விழப் போவதில்லை. சும்மா இருந்திருந்தால் ஆளும் பக்கத்தில் இருந்திருக்கலாம். இன்று அவர்களுக்கு நடப்பது நாளைக்கு எங்கள் மொழிக்கும் நடக்கும் என்பது அவருடைய வாதம். அதை அன்று எங்கடை ஊரிலேயே பலர் காதில் வாங்கவில்லை. 1952 தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்து, ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் நடேசனை அனுப்பினார்கள். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடம்.

நான்கு வருடத்தில், 1956 இல், தனிச் சிங்களச் சட்டம் வந்தது. யூன் 5 ஆம் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் காடையரால் தாக்கப்பட்டார்கள். அந்த வருடத் தேர்தலில் அவரைக் காங்கேசன்துறை மீண்டும் அனுப்பியிருந்தது. அதன் பிறகு அந்தத் தொகுதியில் அவர் தோற்றதே இல்லை. சைவர்கள் பெரும்பான்மையாக இருந்த தொகுதி ஒரு கிறிஸ்தவரைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது என்பதையும் பிள்ளைகள் மனதில் வைத்திருங்கோ.

1957 யூலை 26 ஆம் திகதி பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம். பிரதேச சபைகளும் தமிழ் மொழி நிர்வாகமும்தான் அதிலே எல்லோருக்கும் நினைவில் இருப்பது. ஆனால் மலையக மக்களின் குடியுரிமைப் பிரச்சினையையும் அவர்கள் அந்த மேசையில் வைத்தார்கள். அதை விரைவில் கவனிப்பதாகப் பிரதமர் சொன்னதும் பதிவாகியிருக்குது. வடக்குக் கிழக்குக்குக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு மற்றதை மறந்திருக்கலாம். அவர் மறக்கவில்லை. 1958 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. 1965 இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. அப்போது கட்சியின் சார்பில் திருச்செல்வம் அமைச்சரானார். செல்வநாயகம் வாழ்நாளில் ஒருநாளும் அமைச்சர் பதவியில் இருக்கவில்லை.

'அப்ப அவர் என்னத்தைச் சாதிச்சவர்?' என்று இளைஞர் சிலர் கேட்பினம். நியாயமான கேள்வி. இரண்டு ஒப்பந்தமும் போச்சுது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களைக் கேளாமலே அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு போட்டது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் தனிநாடு கேட்டபோது மலையகத் தலைமை அதிலே சேர்ந்து நிற்க முடியவில்லை. அவர்கள் வாழ்ந்த மண் வேறு. இவற்றையெல்லாம் மறைத்துப் பேசுவது அவருக்குச் செய்கிற மரியாதை அல்ல.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது, என் மக்கள் இதை ஏற்கிறார்களா என்று கேட்போம் என்று சொல்லி, ஒக்டோபரில் தன் ஆசனத்தை இராஜினாமாச் செய்தார். உடலை நடுக்க வாதம் வாட்டிக்கொண்டிருந்த காலம். காதும் கேளாது. அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேலாக இழுத்தடித்து, 1975 பெப்ரவரி 6 ஆம் திகதிதான் வைத்தது. அவருக்கு 25,927 வாக்குகள். எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. 1952 இல் அவரைத் தோற்கடித்த அதே தொகுதி! ஆசனம் தன்னுடைய சொத்து அல்ல, மக்கள் தந்த இரவல் என்று நினைத்தவருக்கு மக்கள் கொடுத்த பதில் அது. 1977 ஏப்ரல் 26 இல் காலமானார். மலையக மக்களில் எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003 இல் வந்த சட்டம்தான் முடிவு கட்டியது. 1948 இலிருந்து எண்ணிப் பாருங்கோ, 55 வருடம்.

இனி எங்கடை கதைக்கு வருவோம். நாங்களும் ஒரு காலத்தில் வாக்கில்லாத சனம். ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணி வாசலில் நின்ற காலம் இந்த மண்டபத்தில் பலருக்கு மறந்திருக்காது. இன்றைக்குப் பலரிடம் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்குது. 2011 இல் கனடாவில் ராதிகா சிற்சபைஈசன், 2021 இல் நோர்வேயில் கம்சாயினி குணரத்தினம், 2024 இல் பிரித்தானியாவில் உமா குமரன் என்று எங்கடை பிள்ளைகள் பாராளுமன்றங்களுக்குத் தெரிவானார்கள். பெருமைதான்.

ஆனால் எங்கள் கூட்டங்களில் இப்போது வேறொரு பேச்சும் காதில் விழுகுது. 'இப்ப வாறதுகள்தான் எங்கடை பேரைக் கெடுக்குதுகள்' என்று. சொல்லுகிறவரும் அகதியாக வந்தவர்தான். எங்களுக்குப் பின்னால் கதவைப் பூட்டிவிட்டால் சரி என்று நினைக்கிறோமா? 1952 இல் காங்கேசன்துறையில் விட்ட பிழையும் இதுதானே!

தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் இந்த மண்டபத்துக்கும் வருவார்கள். பொங்கல் சாப்பிடுவார்கள், வணக்கம் என்று தமிழில் சொல்லுவார்கள். நாங்களும் கைதட்டிப் படம் எடுப்போம். எடுங்கோ. ஆனால் ஒரு கேள்வியும் கேளுங்கோ: முடிவு வராமல் வருடக்கணக்காகக் காத்திருக்கிற, தேர்தலில் வாக்கில்லாத எங்கடை பொடியனுக்காகவும், வேறு நாட்டிலிருந்து வந்து அவனோடு ஒரே வரிசையில் நிற்கிறவனுக்காகவும் நீங்கள் என்ன கதைப்பீர்கள்? அதற்கு அவர் சொல்லுகிற பதிலைப் பார்த்து வாக்குப் போடுங்கோ. எங்கடை பிள்ளை வேட்பாளராக வந்தாலும் இதே கேள்விதான்.

செல்வாவுக்கு நாங்கள் செய்யக்கூடிய அஞ்சலி அதுதான் என்று நினைக்கிறேன்.