ஒரே வெள்ளி, இரண்டு எடை



“தென்கிழக்காசியாவில் எந்த ஊரில் வாழ்க்கை மலிவு?” என்பது இன்றைய மன்றத்தின் கேள்வி. பார்ப்பதற்கு எளிய கேள்விதான். கோலாலம்பூரில் என்ன விலை, பாங்காக்கில் என்ன விலை, ஜக்கார்த்தாவில் என்ன விலை என்று ஒரு பட்டியல் போட்டு, எது குறைவோ அதற்கு முதல் பரிசைக் கொடுத்துவிடலாம். அப்படிப் பரிசு கொடுக்க நினைப்பவர் ஒரு முறை ஜொகூர் பாருவுக்கு வந்துபோக வேண்டும். ஒரே கடையில், ஒரே மேசையில், ஒரே தோசையைச் சாப்பிடுகிற இரண்டு பேரில் ஒருவருக்கு அது கொள்ளை மலிவு, இன்னொருவருக்கு அது கையைக் கடிக்கிற விலை. இதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இந்த மண்ணின் தமிழர் வாயில் பணத்துக்குப் பெயர் வெள்ளி. அரசாங்கம் ரிங்கிட் என்று எழுதும். கடையில் கேட்டால் “அஞ்சு வெள்ளி” என்றுதான் பதில் வரும். கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் தேக்காவுக்குப் போய்க் கேட்டாலும் அதே “அஞ்சு வெள்ளி”தான். பெயர் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் பணமே ஒன்றாகத்தான் இருந்தது. 1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்து போனது. 1967 ஜூனில் தனித்தனி நாணயம் வந்தது. ஆனாலும் அதன் பிறகு ஆறு வருடங்கள், இந்த வெள்ளிக்கு அந்த வெள்ளி சரிக்குச் சரி. அங்கே சம்பாதித்ததை இங்கே செலவு செய்யலாம், இங்கே சம்பாதித்ததை அங்கே செலவு செய்யலாம். 1973 மே மாதத்தில் அந்த ஏற்பாடு முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1997-ல் தாய்லாந்தின் பாட் சரிந்தது. பின்னாலேயே ரிங்கிட்டும் ருப்பியாவும் சரிந்தன. 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என்று அரசாங்கம் கட்டிப்போட்டது. அந்தக் கட்டு 2005 ஜூலையில் அவிழ்ந்தது. 2005 வாக்கில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டே கால் ரிங்கிட் அளவில் இருந்தது. 2024 தொடக்கத்தில் அது மூன்றரையைத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் 2025-ல் மூன்றுக்குக் கீழே போகவில்லை.

இதே கணக்கில் புரூணையை ஒரு நிமிடம் பாருங்கள். 1967-ல் சிங்கப்பூரோடு போட்ட நாணய உடன்பாட்டை அது விடவில்லை. புரூணை வெள்ளி இன்றும் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமம். மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுச் சீட்டில் இரண்டு பேர் மிஞ்சியது மாதிரி!

இப்போது ஒரு சின்ன வேடிக்கை. நாட்டின் பெயரை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பார்ப்போம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் வந்தது 2013-ல். தீபகற்பத்தில் அப்போது 900 வெள்ளி. படிப்படியாக ஏறி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளரை வேலைக்கு வைக்கிற நிறுவனம், உள்ளூர்க்காரருக்கு முழுநேர வேலையில் இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளி ஆக்கப்பட்டது.

2025-ல் இங்கே 1,700. அங்கே 1,600. எண்ணை மட்டும் பார்த்தால் ஜொகூர்க்காரர் நூறு வெள்ளி கூடுதல் பணக்காரர்!

இனி சாப்பாட்டுக்கு வாருங்கள். ஜொகூர் பாருவில் ஒரு தட்டுச் சோறு, ஒரு இறைச்சி, ஒரு காய் என்றால் 8 வெள்ளியாவது ஆகும். பல இடங்களில் 10-ஐத் தாண்டும். சிங்கப்பூரின் உணவங்காடியில் அதே அளவுச் சோற்றுக்கு 4, 5 வெள்ளி. 1,700-ஐ எட்டால் வகுத்தால் 212 சாப்பாடு. 1,600-ஐ ஐந்தால் வகுத்தால் 320 சாப்பாடு. உலகத்தின் விலை உயர்ந்த நகரங்களில் ஒன்று என்று பெயர் எடுத்த ஊரில், அடிமட்டச் சம்பளக்காரருக்கு மாதத்துக்கு நூறு சாப்பாடு கூடுதலாகக் கிடைக்கிறது. “சிங்கப்பூரில் எல்லாமே விலை, இங்கே எல்லாமே மலிவு” என்று நாள்தோறும் சொல்கிறோமே, அது யாருடைய கணக்கு? அங்கே சம்பாதித்து இங்கே செலவு செய்பவரின் கணக்கு.

உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: “அங்கே வீட்டு வாடகை என்ன ஆகிறது தெரியுமா?” நியாயமான கேள்வி. ஓர் அறைக்கே ஆயிரம் வெள்ளி வரை கேட்பார்கள். கார் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 1990-லிருந்து உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் அந்தக் காகிதம் மட்டுமே லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. காகிதத்துக்குத்தான் லட்சம், கார் தனி! ஆனால் அங்கே காரில்லாமல் வாழ முடியும். ரயில் இருக்கிறது, பேருந்து இருக்கிறது. 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் அங்கே பத்தில் எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள்.

ஜொகூரில் வீடு மலிவு, உண்மை. ஆனால் ஸ்கூடாயில் வீடு, பாசிர் கூடாங்கில் வேலை என்றால் பேருந்தை நம்பிப் பிழைக்க முடியாது. ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், வீட்டுக்கொரு கார், அந்தக் காருக்கு ஒன்பது வருடக் கடன். வீட்டில் மிச்சப்பட்ட பணம் சாலையில் போகிறது. இந்தச் செலவை எந்த விலைப் பட்டியலிலும் எழுதுவதில்லை.

அதே சமயம், ஜொகூர்க்காரருக்குக் கிடைக்கிற நன்மைகளையும் மறைக்கக் கூடாது. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். 2025 செப்டம்பர் இறுதியில் ரோன் 95 பெட்ரோலைக் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வைத்தார்கள். உதவித்தொகை சமையல் எண்ணெய் ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிக்கு ரோன் 95 ஊற்றக் கூடாது என்ற தடை 2010-லேயே வந்துவிட்டது. எல்லையில் இருக்கிற ஊருக்கு இப்படிப்பட்ட வேலி தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் ஒருவர் வரிப்பணத்தில் இன்னொருவர் டாங்கி நிரம்பும்.

கோழிக்கு அந்த வேலியைப் போட்டபோது என்ன ஆயிற்று? 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டில் கோழி கிடைக்கவில்லை, விலை ஏறுகிறது என்பது காரணம். சிங்கப்பூர் சாப்பிடும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து போனது. அங்கே கோழிச் சோற்றுக் கடைக்காரர்கள் தவித்துப் போனார்கள். இந்தக் கரையில் பண்ணைக்காரருக்கும் நட்டம், லாரிக்காரருக்கும் வேலையில்லை. ஒரே சமையலறைக்கு நடுவில் சுவர் எழுப்பினால் இரண்டு பக்கமும் அடுப்பு அணையும்.

மாசாயில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யுங்கள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் போய், பட்டணத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பிள்ளைகள். மூத்தவர் சிங்கப்பூரில் வேலை. இளையவர் பாசிர் கூடாங் தொழிற்சாலையில். மூத்தவர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். இரவு வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தம்பி இருவரும் கடையில் பசியாறுகிறார்கள்.

“தம்பி, நீ காசை எடுக்காதே. நான் கொடுக்கிறேன்.”

“இருக்கட்டும் அண்ணே, எப்பவும் நீங்களே கொடுக்குறீங்க.”

“எனக்கு இது ஒண்ணுமில்லடா. ஏழு வெள்ளிதானே.”

அந்த “ஏழு வெள்ளிதானே” என்ற சொல்லில்தான் இன்றைய தலைப்பே அடங்கியிருக்கிறது. அண்ணன் அன்பாகத்தான் சொல்கிறார். தம்பிக்குச் சுருக்கென்று தைக்கிறது. இருவரும் உழைப்பது ஒரே அளவு. தம்பி ஒருவேளை கூடுதலாகவே உழைக்கலாம். நேரத்தில் அண்ணன் ஏழை, பணத்தில் தம்பி ஏழை. அண்ணன்மார் அதிகமாக அதிகமாக அந்தக் கடைக்காரர் விலையைக் கூட்டுகிறார். தம்பிமார் விலகி உட்காருகிறார்கள்.

அண்ணன்மாருடைய வாழ்க்கையும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 மார்ச் காட்டியது. நாள் ஒன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடந்த எல்லை அது. மார்ச் 16-ஆம் தேதி இரவு அறிவிப்பு வந்தது, 18-ஆம் தேதி கதவு மூடியது. நடுவில் ஒரே ஒரு நாள். ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு வாரம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்தப் பக்கம் போனவர்களில் தங்க இடமில்லாமல் ரயில் நிலையத்தருகில் படுத்தவர்களும் உண்டு. இந்தப் பக்கம் நின்றவர்களில் வேலையை இழந்தவர்களும் உண்டு. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. இரண்டு வருடம்! கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே அதிகம். அவ்வளவு தூரத்தைக் கடக்க முடியாமல் பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்தார்கள். அந்தச் செலவை எந்த வெள்ளியில் கணக்கிடுவது?

அக்கம்பக்கத்து நாடுகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஜொகூர் பாருவிலிருந்து படகேறினால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. 2025-ல் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஏறக்குறைய 50 லட்சம் ருப்பியா. வியட்நாமில் ஹோ சி மின் நகரம் போன்ற இடங்களுக்கு 2024 ஜூலையில் வைத்தது 49 லட்சத்து 60 ஆயிரம் டோங். எண்கள் இங்கேயும் ஒட்டிப்பிறந்த இரட்டையர். ஆனால் முதலாவது 1,300 ரிங்கிட்டை ஒட்டி வரும், இரண்டாவது 900-ஐக்கூடத் தொடாது. விடுமுறைக்குப் பாத்தாம் போய், “மீன் என்ன மலிவு, மலேசியக் காசுக்கு அங்கே ராஜ வாழ்க்கை” என்று சொல்லி வருகிற ஜொகூர்க்காரர் உண்டு. வாரக் கடைசியில் ஜொகூர் வந்துபோகிற சிங்கப்பூர்க்காரரும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்! மலிவு என்பது பல சமயம் இன்னொருவருடைய குறைந்த சம்பளத்துக்கு நாம் வைக்கிற நல்ல பெயர்.

வியட்நாமை ஏழை நாடு என்று தள்ளிவிட முடியாது. 1986-ல் கதவைத் திறந்த நாடு அது. இன்று உலகம் முழுக்கப் போகிற கைப்பேசிகள் அங்கே செய்யப்படுகின்றன. தாய்லாந்து பணக்கார நாடாவதற்குக் காத்திராமல் 2001-லேயே 30 பாட் மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்ச்சியைக் கட்டட உயரத்தில் அளப்பவர்கள் இந்த மாதிரி விஷயங்களைக் கவனிப்பதில்லை.

ஜொகூரில் கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. 2006-ல் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டன. தரவு மையங்கள் வரிசையாக எழுந்தன. அவை மின்சாரத்தையும் தண்ணீரையும் குடிக்கிற அளவுக்கு ஆட்களை வேலைக்கு எடுப்பதில்லை என்ற குறை இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர் ரயில் பாதையும் கட்டப்பட்டது. மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. பயணம் ஐந்தாறு நிமிடம். 2027 தொடக்கத்துக்குள் ஓட வேண்டும் என்பது இலக்கு. நான்கு மணிக்கு எழுகிற அண்ணன் இனி இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் தூங்கலாம், பிள்ளைகளோடு இரவுச் சோறு சாப்பிடலாம். அது பெரிய வரம்.

ஆனால் தம்பி என்ன செய்வார்? ஐந்து நிமிடத்தில் மூன்று மடங்கு வெள்ளி என்றால் அவரும் ரயில் ஏறத்தான் பார்ப்பார். திறன் பெற்றவர்களுக்கு 4,000, 5,000 ரிங்கிட் தொடக்கச் சம்பளம் கொடுங்கள் என்று ஜொகூர் மாநில அரசு முதலாளிகளிடம் பேசிவருகிறது. பெரிய தொழிற்சாலை கொடுத்துவிடும். லீட்டல் இந்தியாவில் நாலு மேசை போட்டுத் தோசை சுடுகிறவர் எங்கிருந்து கொடுப்பார்? அவர் கல்லாவுக்கு மேலே சாமி படம், அதற்குக் கீழே “ஆள் தேவை” என்று மூன்று மொழிகளில் எழுதிய அட்டை. மாவு அரைக்கவும் அவரே, பரிமாறவும் அவரே. வாசலில் சிங்கப்பூர் வண்டி வந்து நிற்கிறது. உள்ளே வருகிறவர் விலைப் பலகையைப் பார்க்காமலே உட்காருகிறார்.