களியின் கணக்கு ஏன் டேலி ஆகவில்லை?

(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை நோய்க்கு மருந்து சொல்ல நான் வரவில்லை. ஒரே இனத்துக்கு மூன்று இடத்தில் மூன்று தொகை எழுதியிருந்தால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. அதை மட்டும் இங்கே செய்கிறேன்.

ஒகேனக்கல்லில் இருக்கும் நமக்குக் களி புதிதல்ல. 2023-இல் நம் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்த பிறகு, விட்டவர்களும் மறுபடி களி கிண்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் "கேழ்வரகில் சர்க்கரை ஏறாது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையா என்று பார்க்க, 100 கிராம் கேழ்வரகில் கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து, எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 72, இன்னோரிடத்தில் 67, மற்றோரிடத்தில் 78 கிராம் என்று வரும். எதை நம்புவது?

முதல் இரண்டு எண்களும் ஒரே நிறுவனத்துடையவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட, கோபாலன் முதலியோர் எழுதிய பழைய புத்தகத்தில் 72. அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் அட்டவணையில் 66.8.

இதில் உள்ள சூட்சுமம் கணக்கு எழுதியவர்களுக்கு உடனே புரியும். இந்த அட்டவணைகளில் மாவுச்சத்து நேரடியாக அளந்த எண் அல்ல. ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் (தாது உப்பு), நார் இவற்றை அளந்து, 100-இல் கழித்து, மிஞ்சியதை மாவுச்சத்து என்று எழுதுகிறார்கள். நம் பாஷையில் சொன்னால் அது ஒரு பேலன்சிங் ஃபிகர். மற்ற வரிகளில் எங்கே வித்தியாசம் வந்தாலும் அது இங்கே வந்து விழும்.

பழைய புத்தகத்தைக் கூட்டிப் பாருங்கள்: ஈரம் 13.1, புரதம் 7.3, கொழுப்பு 1.3, தாது 2.7, நார் 3.6. கூடுதல் 28. மீதி 72. புதிய அட்டவணையில் நார் மட்டுமே 11.2. கேழ்வரகு மாறிவிடவில்லை, நாரை அளக்கும் முறைதான் மாறியது. முன்பு அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்து, கரையாமல் மிஞ்சியதை மட்டும் நார் என்று எடுத்தார்கள். கரைந்துபோன நாரெல்லாம் மாவுச்சத்துக் கணக்கில் ஏறிவிட்டது. புதிய முறையில் அது நார்க் கணக்குக்கே திரும்பியது.

மூன்றாவது எண் 78 அமெரிக்க வழக்கம். அங்கே மொத்த மாவுச்சத்து என்ற வரியில் நாரையும் சேர்ப்பார்கள். 66.8-உடன் 11.2 சேர்த்தால் 78. ஐரோப்பாவிலோ நாரைத் தனியாகக் காட்டுவார்கள். கைபேசிச் செயலி எந்த நாட்டு அட்டவணையை வைத்திருக்கிறதோ, அந்த எண்ணைத்தான் காட்டும்.

இந்த வித்தியாசம் இன்சுலின் போடுபவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. 150 கிராம் மாவில் செய்த களிக்கு ஒரு கணக்கில் 100 கிராம், இன்னொன்றில் 108, மற்றொன்றில் 117. உங்கள் மருத்துவர் 10 கிராமுக்கு 1 யூனிட் என்று சொல்லியிருந்தால், அட்டவணையை மாற்றியதாலேயே ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கூடிவிடும். சர்க்கரை இறங்கி, வியர்த்து, கைகால் நடுங்கும். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது ஆபத்து.

ஆகவே நான் சொல்வது நான்கு.

ஒன்று, ஏதாவது ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தானியத்துக்கு 2017 அட்டவணை பொருத்தம். எதை வைத்து எண்ணுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் மாற்றாதீர்கள், அளவையும் நீங்களாக மாற்றாதீர்கள்.

இரண்டு, சமைக்கும் முன் எடை போடுங்கள். பச்சரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து. சோறானபின் 100 கிராமில் ஏறக்குறைய 28 தான், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். 300 கிராம் மாவில் 900 கிராம் களி வந்தால் மொத்த மாவுச்சத்து 200 கிராம். 225 கிராம் உருண்டை ஒன்றில் 50. நொய் சேர்த்தால் அதைத் தனியாகக் கூட்டுங்கள்.

மூன்று, மறைந்திருக்கும் வரிகளைப் பாருங்கள். நம் ஆற்று மீனில் மாவுச்சத்து இல்லை. வறுவலுக்குத் தடவும் சோள மாவில் உண்டு.

நான்கு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அட்டவணை பட்ஜெட் மாதிரி. மீட்டர் காட்டுவதுதான் கையிருப்பு. இரண்டும் ஒத்துவராவிட்டால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.

கேழ்வரகில் நார் அதிகம், சுண்ணாம்புச் சத்து அதிகம். மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். களி சாப்பிடுங்கள், எண்ணிச் சாப்பிடுங்கள்.