நாமும் கேட்போம்



என்னை உங்களுக்குத் தெரியும். இதே தங்கவயலில், லைன் வீட்டில் பிறந்தவள். பத்தாவது வரை படித்தவள். மூன்று ஆண்டுகளாக இந்த மாலை வகுப்பில் உங்களோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வருகிறேன். இன்று பாடம் இல்லை. பேச்சு மட்டும்தான்.

நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் வகுப்பு முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு அக்கா மட்டும் போகவில்லை.

"டீச்சர், கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன். கணக்கு எழுதுறேன். இனிமே எனக்கு வேலை குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

அவருக்கு வயது 32. அதுவரை வெளியே போய்ச் சம்பளம் வாங்கியதில்லை. கணவருக்கு முதுகில் அடிபட்டிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பல நாட்கள் பேசினோம். அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அன்றும் இன்றும்

என் தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தார். அவருடைய அப்பாவும் அங்கேதான். வேலை தேடி ஊர் ஊராய் அலைந்ததாகத் தாத்தா சொன்னதே இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷாஃப்ட் இருந்தது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நான் பிறந்ததும் அந்த ஆண்டுதான். அப்பா பெங்களூருக்கு ரயில் ஏறினார். செக்யூரிட்டி வேலை. இருட்டில் போவார், இருட்டில் வருவார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போக, 100 கிலோமீட்டர் வர. மாரிகுப்பத்தில் ஏறும் கூட்டத்தை நீங்களும் பார்க்கிறீர்கள்.

அன்று வேலை நம் வாசலில் இருந்தது. இன்று நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். தேடிப் போகிறவருக்கு வழி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும்? என் கதையையே சொல்கிறேன்.

நான் ஏமாந்த கதை

அப்போது எனக்கு வயது 18. செல்போனில் ஒரு செய்தி வந்தது. "பெங்களூரில் ஆபீஸ் வேலை. பத்தாவது போதும். மாதம் 18,000" என்று இருந்தது. நான் பதில் அனுப்பினேன். இரண்டு நாளில் போனுக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே ஒரு முத்திரை. நடுவில் கொட்டை எழுத்தில் என் பெயர். முதலில் 2,500 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும் என்றார்கள். வேலையில் சேர்ந்ததும் திருப்பித் தருவார்களாம்.

அம்மா காதில் கிடந்த கம்மலை அடகு வைத்தார். பணம் அனுப்பினோம். சொன்ன நாளில் நானும் அம்மாவும் ரயில் ஏறினோம். அந்த விலாசத்தில் ஒரு பூட்டிய கடைதான் இருந்தது. போன் செய்தோம். எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே இல்லாமல் போனது.

திரும்பி வரும்போது ரயிலில் அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். கம்பெனியின் பெயர் மேலே ஒரு விதமாக இருந்தது. கீழே வேறு விதமாக இருந்தது. என்ன வேலை என்று எழுதவில்லை. எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டவர் பெயரும் இல்லை. எல்லாம் முதலிலேயே கண்ணுக்கு முன்னால் இருந்ததுதான். நான் படித்தது என் பெயரை மட்டும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைத் திட்டவில்லை. "நீதான் படிச்சவளாச்சே. பாத்திருப்பேன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

அதனால் முதல் பாடம் இது. வேலை என்றால் அவர்கள்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நாம் ஏன் தர வேண்டும்? டெபாசிட், பதிவுக் கட்டணம், யூனிபார்ம் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வேலைக்கு முன்பு பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். போன் வழியாக யாராவது பணத்தை ஏமாற்றி வாங்கிவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது இந்தியா முழுவதற்கும் உள்ள எண். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. அன்று இந்த எண் இல்லை.

வேலை எங்கே இருக்கிறது?

முதல் இடம், நம் ரயில் பெட்டி. தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். "உங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அங்கே வேலை செய்கிறவருக்குத்தான் சம்பளம் தேதிக்கு வருகிறதா, மேஸ்திரி எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் தெரியும்.

இரண்டாவது, கம்பெனி வாசல். "கெலசக்கே ஜன பேக்காகித்தாரே" என்று போர்டு வைத்திருப்பார்கள். வேலைக்கு ஆள் தேவை என்று பொருள். அது கன்னடத்தில் இருக்கும். நாம் படித்தது தமிழ். அதனால் என்ன? பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். முடிந்தால் போட்டோ எடுத்து வாருங்கள். நம் வகுப்பில் படித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, அரசு வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே பெயரைப் பதிவு செய்யக் காசு இல்லை. அவ்வப்போது வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். நம் பக்கம் அதை உத்யோக மேளா என்பார்கள். பல கம்பெனிகள் ஒரே இடத்துக்கு வரும். 'நேஷனல் கரியர் சர்வீஸ்' என்று மத்திய அரசின் இணையதளம் ஒன்று 2015 முதல் இருக்கிறது. அதிலும் காசில்லாமல் பதியலாம். போனில் பதியத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். சேர்ந்து பதிவோம்.

போகும் முன்

ஒரு பிளாஸ்டிக் பை எடுங்கள். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ் புக், படித்த சான்றிதழ், இரண்டு போட்டோ. எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். அசல் தாள்களைக் காட்டுங்கள். ஆனால் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

எல்லாத் தாளிலும் உங்கள் பெயரைப் பாருங்கள். எழுத்தும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கிறதா? பிறந்த தேதி ஒன்றா? ஆதாரில் ஒரு விதம், பாஸ் புக்கில் ஒரு விதம் என்றால் பிறகு பி.எஃப். பணம் எடுக்கும்போது அலைய வேண்டி வரும். இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு பயோடேட்டா. ஒரு பக்கம் போதும். பெயர், விலாசம், போன் எண், படிப்பு, தெரிந்த மொழிகள், தெரிந்த வேலைகள்.

இந்தக் கடைசி வரியில்தான் அந்த அக்கா நின்றுவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். இதை வெறுமனே விட்டுடுங்க" என்றார்.

நான் கேட்டேன். "மகளிர் குழுக் கணக்கை யார் பார்க்கிறது?" "நான்தான்." "திருவிழாவில் 200 பேருக்குச் சமையல் யார் பொறுப்பு?" "அதுவும் நான்தான்." "கன்னடம்?" "பேசுவேன்." "தெலுங்கு?" "அதுவும் பேசுவேன்."

இத்தனையும் வேலைதான். சம்பளம் வாங்காத வேலை. அதையெல்லாம் எழுதினோம். பாதிப் பக்கம் நிரம்பியது. அந்தத் தாளை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் இன்று இரவு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பொய் ஒன்றும் வேண்டாம். உள்ளதை எழுதினாலே போதும்.

அவர்கள் கேட்பார்கள்

இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். ரயில் தாமதமாகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஒரு ரயில் முன்னதாக ஏறுங்கள். எங்கே போகிறீர்கள் என்று விலாசத்தை எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். துவைத்த துணி போதும், புதுத் துணி வேண்டாம்.

பெரும்பாலும் கேட்பது இவைதான். உன்னைப் பற்றிச் சொல். முன்பு எங்கே வேலை செய்தாய்? நேரத்துக்கு வருவாயா? எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய்? இந்த நான்குக்கும் பதிலை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நானும் அந்த அக்காவும் இதே திண்ணையில் பழகினோம். நான்தான் மேனேஜர். முதல் நாள் அவர் சிரித்துச் சிரித்து ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் நாள் தலை நிமிர்ந்து பேசினார்.

தெரியாததைக் கேட்டால், "தெரியாது சார், சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வேன்" என்று சொல்லுங்கள். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

நாம் கேட்போம்

அவர்கள் கேட்டு முடித்ததும் பலர் எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். இப்போது நம் முறை.

மொத்தச் சம்பளம் எவ்வளவு? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்? எத்தனை மணி நேர வேலை? ஓவர்டைமுக்குத் தனிச் சம்பளம் உண்டா? வாரத்தில் எந்த நாள் விடுமுறை? இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா?

பிடித்தம் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் கணக்குத் தெரிய வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு 100 ரூபாயில் நம்மிடம் 75 காசு பிடிப்பார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு போட வேண்டும். அதனால் நமக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கும். பி.எஃப்.புக்கு 100 ரூபாயில் நம்முடையது 12, முதலாளியுடையது 12. அது நம் சேமிப்பு. சம்பளம் 15,000 என்று வையுங்கள். முழுத் தொகைக்கும் பிடித்தால் 1,900 ரூபாய்க்குச் சற்று மேல் போகும். கையில் 13,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். அதற்கும் குறைவாக வந்தால், மீதி எங்கே என்று கேட்கலாம்.

கடைசியாக ஒரு கேள்வி. "நியமனக் கடிதம் தருவீர்களா?" 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். நாம் கேட்பது சட்டம் சொல்வதைத்தான்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால்? எண்களைப் படியுங்கள். சம்பளம், தேதி, மணி, எல்லாம் எண்கள்தான். எண் நமக்குத் தெரியும். மற்றதற்கு, "படித்துப் பார்த்துவிட்டு நாளைக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல கம்பெனி ஒரு நாள் பொறுக்கும்.

அந்த அக்கா

அவர் முதலில் போன இடத்தில் வேலைக்கு ஆள் போதும் என்றார்கள். இரண்டாவது இடத்தில், "மாதம் 15,000. இங்கே கையெழுத்துப் போடும்மா" என்று தாளை நீட்டினார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா எண்ணைத் தேடினார். 12,500 என்று இருந்தது. அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"சார், இது பிடித்தம் போகவா? பிடித்தத்துக்கு முன்னாலயா?"

முன்னால் என்றார்கள். "அப்போ நீங்க சொன்ன 15,000 எங்கே சார்?" என்று கேட்டார். பதில் சரியாக வரவில்லை. "வீட்டில் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அன்று இரவு அவர் என்னிடம் அழுதார். "வந்த வேலையை விட்டுட்டேனே டீச்சர். தப்புப் பண்ணிட்டேனா?" என்றார். எனக்கும் பயம்தான். அடுத்த மூன்று வாரம் அவர் வீட்டில் எப்படிச் சோறு பொங்கியது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீடுகளில் இருந்த சிலருக்கும் தெரியும். கேள்வி கேட்டால் உடனே வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ரயில் பெட்டியில் கேட்டு வைத்த ஒருவர் மூலம் வேறு இடத்துக்குப் போனார். ஒரு பெரிய கேன்டீன். 200 பேருக்குச் சமைத்ததைச் சொன்னார். சம்பளம், நேரம், பிடித்தம் எல்லாம் கேட்டார். சொன்னதும் தாளில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. பிறகு கையெழுத்துப் போட்டார். நம் வகுப்பில் கற்ற அதே கையெழுத்து.

இன்று அவர் இங்கே இல்லை. இரவு ரயிலில்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவார். அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். எதில் போடுகிறோம் என்று பார்க்கவும் கற்றுக்கொள்வோம். என் அம்மாவின் கம்மல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. உங்கள் வீட்டுக் கம்மல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

நாளை வரும்போது ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவாருங்கள். பயோடேட்டா எழுதுவோம்.