ஒரே ரக நெல்லும் ஒரே ரக கம்ப்யூட்டரும்

(ஆரணியில் பட்டு நெசவாளர் கூட்டத்தில் பேசியது)



நெசவாளர் கூட்டத்தில் கம்ப்யூட்டர் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறோம். நூறு நாள் வேலைக்கு, 2023 ஜனவரி 1 முதல், செல்போனில் படம் பிடித்துப் பதிந்தால்தான் வருகை என்று மத்திய சர்க்கார் ஆக்கியது. யந்திரம் நின்றால் நம் அரிசி நிற்கிறது, கூலி நிற்கிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரும் தறி மாதிரி ஒரு சாமான்தான். எந்த வேலை முன்னே, எது பின்னே என்று உள்ளிருந்து மேஸ்திரி போல நடத்துகிற புரோகிராமுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். ஆபீஸ்களில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது என்ன? கம்ப்யூட்டர்களுக்குக் காவல் புரோகிராம் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, விண்டோஸ் யந்திரங்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பியது. அதில் பிழை. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. இது மைக்ரோசாஃப்ட்டே கொடுத்த கணக்கு. பல தேசங்களில் விமானம், ஆஸ்பத்திரி, பாங்கி எல்லாம் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! பிழையைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தும், பல யந்திரங்களை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியதாயிற்று. லினக்ஸ், ஆப்பிள் கம்ப்யூட்டர்களை அந்தப் பிழை தொடவே இல்லை.

லினக்ஸ் உத்தமம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதிலும் பிழை வரும். ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஒரே பிழையால் விழுவது அபூர்வம். ஊர் முழுக்க ஒரே ரக நெல் நட்டுப் புகையான் விழுந்தால் என்ன ஆகும் என்று வயல் வேலை செய்கிற தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

லினக்ஸை 1991-ல் தொடங்கியவர் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். யாரும் படிக்கலாம், திருத்தலாம், விலையில்லாமல் எடுக்கலாம். அதை வைத்துச் சென்னையில் சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் பாஸ் என்ற சிஸ்டத்தைத் தயாரித்தது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் வந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையே லினக்ஸில் வைத்தார்கள், அங்கே நிலைத்தது.

நம் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு வந்தால், எல்லாம் ஒரே ரகமா என்று கேளுங்கள். கூலிக் கணக்குக்குக் கையெழுத்து நோட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.