மாதம் பார்த்துக் கிளம்புங்கள்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டில் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே போகலாம்?" பதிலும் தயாராக இருக்கும்: ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். எல்லோரும் ஒரே மே மாதத்தில் ஒரே மலைக்குப் போனதன் விளைவு, 2024 மே 7 முதல் அங்கே போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. ஐரோப்பாவிலும் இதே பாடுதான். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில், கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்து திரும்புகிறவர்களிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது.

அதே ஐரோப்பாவில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு வழக்கம் உண்டு. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கோடை முடிகிற வேளையில் குடும்பம் குடும்பமாக வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய் பெர்ரிப் பழமும் காளானும் பறிப்பார்கள். பயிருக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் தொந்தரவு இல்லாதவரை, காடு யாருடையதானாலும் நடந்து திரியலாம், பறிக்கலாம் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள உரிமை. எந்தப் பருவத்தில் எது பழுக்கும் என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். நம் ஊர்ப்பக்கத்திலும் மாதம் பார்த்துப் போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. நாம்தான் விடுமுறையை மட்டும் பார்க்கிறோம்.

ரிஷிவந்தியத்திலிருந்தே தொடங்குகிறேன். தியாகதுருகத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற வழியில் எத்தனையோ பேர் இந்த ஊரைப் பேருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். இங்குள்ள அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் லிங்கத் திருமேனிக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது அம்மையும் அப்பனும் இணைந்த உருவம் தெரிவதாகச் சொல்வார்கள். தேன் வழியும்போது பிள்ளையைத் தோளில் தூக்கி, "தெரியுதா, பார்" என்று காட்டாத தகப்பன் இருக்க மாட்டார்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கென்றே ஒரு நாள் உண்டென்றால் அது தை மாதம் ஐந்தாம் தேதி, ஆற்றுத் திருவிழா. மணலூர்ப்பேட்டையில் தென்பெண்ணைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். சுற்றுவட்டாரக் கிராமத்துச் சாமிகளும் வந்து சேரும். ஆற்று மணலில் பாயை விரித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் எலுமிச்சைச் சோற்றையும் பிரிப்பார்கள். ராட்டினம், வளையல் கடை, பலூன் எல்லாம் இருக்கும். அன்றைய நாயகன் என்னவோ சுருளிக்கிழங்குதான். நீளமாக, முறுக்கிக்கொண்டு, மண் அப்பிய தோலோடு குவித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புப் போட்டு வேகவைத்துத் தோலை உரித்தால் உள்ளே வெள்ளையாக மாவாக இருக்கும். ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விட்டுக் கிழங்கு வாங்காமல் வந்தால் வீட்டில் பேச்சுக் கேட்க வேண்டிவரும். அந்தக் கிழங்கை மே மாதத்தில் தேடினால் கிடைக்காது.

அன்று இன்னும் நேரம் இருந்தால் அருகிலுள்ள ஆதி திருவரங்கத்துக்குப் போகலாம். பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தைப் பிள்ளைகள் தலையிலிருந்து கால்வரை பார்த்து முடிக்கச் சற்று நேரமாகும். கோயில் வளாகத்தில் உள்ள பழைய நெற்களஞ்சியத்தையும் காட்டுங்கள். திருக்கோவிலூர் போனால் ஆற்றுக்குள் நிற்கிற கபிலர் குன்று. பாரி மகளிரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளைக்கு, அந்தக் கபிலர் உயிர் துறந்த இடம் இதுதான் என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் கோமுகி அணையைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலை. வழியிலேயே பெரியார் அருவி. சாலையை ஒட்டி இருப்பதால் பாட்டியையும் அழைத்துப் போகலாம். மேகம் அருவிக்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். கைக்குழந்தையோடு போக வேண்டாம். இந்த மலைக்கு ஆவணி, புரட்டாசியிலிருந்து மார்கழி வரை போக வேண்டும். மே மாதத்தில் போய், "அருவியில் தண்ணியே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. இந்த மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் கையில் இருந்து, 1976இல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அதனால் சாலையும் பள்ளியும் மருத்துவமும் இங்கே பிந்தித்தான் ஏறின. சாமை, தேன், கடுக்காய், புளி என்று அவர்கள் விற்பதைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். சுற்றுலா வளர்கிறது என்றால் அந்தப் பணம் முதலில் அவர்கள் வீட்டு அடுப்புக்குப் போக வேண்டும்.

தண்ணீரிடம் மட்டும் பயம் வேண்டும். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் என்ன பாடுபட்டன என்பதை நாம் பார்த்தோம். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் அருவியில் திடீரென்று வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வந்தால் அந்த நொடியே கரையேறிவிடுங்கள்.

ஊராட்சிகளையும் சுற்றுலாத் துறையையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அருவிக்கரையிலும் ஆற்றுத் துறையிலும் பெண்கள் உடை மாற்ற ஓர் அறையும் சுத்தமான கழிப்பறையும் இருக்கட்டும். அவை இருந்தால்தான் குடும்பங்கள் வரும். குடும்பங்கள் வந்தால் பாட்டில் உடைக்கிற கூட்டம் தானாக விலகும். நேயர்களே, வரும் தை ஐந்தாம் தேதிக்கு இப்போதே நாள்காட்டியில் குறி வைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நல்ல சுருளிக்கிழங்கு எது என்று பார்த்து எடுக்க அவர்களுக்குத்தான் தெரியும்.