நட்சத்திர விளக்கு இல்லாத கிறித்தவ வீடு

(ஏரியூரில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)



 

ஏரியூரிலிருந்து நாகமரைக்குச் சென்று காவிரியைப் பார்த்தவர்கள் அறிவீர்கள். அங்கே காவிரி ஆறாக ஓடவில்லை. மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாகப் பரந்து கிடக்கின்றது. அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. 1934ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீர்ப்பிடிப்பில் இருந்த ஊர்களை மக்கள் காலி செய்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளோடு ஒரு கிறித்தவத் தேவாலயமும், ஜலகண்டேசுவரர் கோயிலும் நீருக்குள் சென்றன. அணையின் நீர்மட்டம் வெகுவாகச் சரிகின்ற ஆண்டுகளில் அத்தேவாலயத்தின் கோபுரமும், கோயிலின் நந்தி சிலையும் வெளியே தெரிகின்றன. நம் பகுதி மக்கள் பரிசலில் சென்று பார்த்துவிட்டு வருகின்றார்கள்.

இந்தக் கோபுரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கின்றது. எனக்குப் பழக்கமான கிறித்தவ ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், பெயர் வேண்டாம். அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடப்படுவதில்லை. முன்பு கொண்டாடியவர்தான். வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டுவார், குடில் அமைப்பார், பிள்ளைகளிடம் எங்கள் வீட்டிற்குக் கேக் கொடுத்தனுப்புவார். ஒரு டிசம்பரில் அவர் வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. வீட்டில் ஏதேனும் துக்கம் நேர்ந்துவிட்டதோ என்று எண்ணி விசாரிக்கச் சென்றேன்.

"துக்கம் ஒன்றும் இல்லை பாய். வேதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பார்த்தேன். இந்த நாளைக் கொண்டாடு என்று எந்த இடத்திலும் கட்டளை இல்லை. அதனால் விட்டுவிட்டேன்" என்றார். பிறகு பண்ணவாடிக் கோபுரத்தைச் சொன்னார். "கோபுரம் தண்ணீருக்குள் போனது. அங்கே ஜெபித்தவர்களின் விசுவாசம் போகவில்லையே! எனக்குப் பண்டிகையும் அப்படித்தான்."

சகோதரர்களே, அன்று என் உள்ளத்தில் எழுந்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். மகிழ்ச்சி எழுந்தது. 'பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்' என்ற மகிழ்ச்சி. அடுத்த ஜுமுஆவிலேயே மிம்பரில் அதைச் சொன்னேன். பலரும் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அது தவறான பேச்சு என்பதை உணர எனக்கு ஈராண்டுகள் பிடித்தன.

முதலில், இவர்கள் யார் என்பதை அறிந்துகொள்வோம். கிறிஸ்துமஸ் கொண்டாடாத கிறித்தவர்கள் புதியவர்களும் அல்லர். நாம் எண்ணுவதைப் போல மிகச் சிலரும் அல்லர். 1924இல் கொழும்பில் தொடங்கப்பட்ட சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இன்று பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில் தமிழகம் எங்கும் சபைகளைக் கொண்டிருக்கின்றது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பாஸ்டர் பால், கேரளத்தில் 1881இல் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரானவர். வெண்ணிற ஆடை அணிந்து, நகை அணியாமல் செல்லும் அச்சபையினரை நம் ஊர்ப் பேருந்துகளிலும் காணலாம். அவர்கள் டிசம்பர் 25ஐப் பண்டிகையாகக் கொள்வதில்லை. யெகோவாவின் சாட்சிகளும் கொள்வதில்லை. அவர்களுடைய அமெரிக்கத் தலைமையகத்தில் கடைசியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடப்பட்டது 1926இல். வேர் தேடிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்கள்.

தமிழ் மண்ணிலேயே இதற்கும் முந்தைய தேடல் ஒன்று உண்டு. நெல்லைச் சீமையில் நாசரேத்துக்கு அருகே, சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், 1857இல் ஐரோப்பிய மிஷனரிகளிடமிருந்து பிரிந்து தனிச் சபை கண்டார். ஞாயிற்றுக்கிழமையை விடுத்துச் சனிக்கிழமையை ஓய்வுநாள் ஆக்கினார். வெள்ளைக்காரரின் வழக்கம் எது, வேதத்தின் கட்டளை எது என்று பிரித்துப் பார்க்கும் அந்தக் கேள்விதான் என் ஆசிரிய நண்பரின் கேள்வியும்.

அவர்கள் முன்வைக்கும் ஆதாரம் என்ன? நான்கு சுவிசேஷங்களுள் மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டு மட்டுமே பிறப்பின் வரலாற்றைச் சொல்கின்றன. இரண்டிலும் தேதி இல்லை. டிசம்பர் 25 என்று தெளிவாகக் குறிக்கும் பழைய பதிவு, 354ஆம் ஆண்டில் ரோமாபுரியில் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டி நூலில் கிடைக்கின்றது. அதே நூலில் அதே நாள், 'வெல்லப்படாதவன்' என்று ரோமர்கள் அழைத்த தெய்வத்தின் பிறந்த நாளாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றது. அது அவர்களுடைய சூரிய தெய்வம் என்பது பொதுவான கருத்து. இதைக்கொண்டு, பண்டிகை சூரிய வழிபாட்டிலிருந்து வந்தது என்கின்றனர். வேறு சில ஆய்வாளர்களோ, மார்ச் 25இல் கருவுற்றார் என்ற பழைய கணக்கிலிருந்து ஒன்பது மாதம் கூட்டி இத்தேதி வந்தது என்கின்றனர். வழக்கு முடிந்துவிடவில்லை. சூரியக் கதையை ஐயத்திற்கிடமற்ற உண்மை போல நம் மேடைகளில் முழங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும். நானும் அப்படி முழங்கியவன்தான்.

பண்டிகையை அரசாணையால் நிறுத்தியவர்களும் கிறித்தவர்களே. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1640இல் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒழித்தது; அங்கே அது மீண்டும் பொது விடுமுறையானது 1958இல்தான். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமசைத் தடை செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேன்டர்பரி நகரில் கடைகளைத் திறந்தே ஆகவேண்டும் என்று மேயர் கட்டாயப்படுத்த, மக்கள் கலகத்தில் இறங்கினார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். அரசன் திரும்பி வந்ததும் இங்கிலாந்தின் தடை காற்றில் போயிற்று. சட்டத்தால் நிறுத்தியதைச் சட்டம் மாறியதும் தொடங்கிவிட்டார்கள். என் நண்பரை எவரும் தடுக்கவில்லை, தானே விட்டார். விலையையும் தானே கொடுத்தார்.

அந்த விலையைச் சொல்கின்றேன். அவருடைய தாயார் மூத்த மகனின் வீட்டில் இருந்தார். முதல் ஆண்டு டிசம்பர் 25 அன்று இவர் அங்கே செல்லவில்லை. அந்த அம்மா சமைத்து வைத்து, இளைய மகனின் பங்கைத் தனியே எடுத்து மூடி, இரவு வரை காத்திருந்தார். இரண்டாம் ஆண்டு சென்றார். செல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவரே சொல்கின்றார். சாப்பிட அமர்ந்த இடத்தில், இது அஞ்ஞானிகளின் பண்டிகை என்று வேத வசனங்களோடு விளக்கினார். அண்ணன் எழுந்து போய்விட்டார். தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எழுபது ஆண்டுகளாகத் தான் ஜெபித்தது எல்லாம் வீணா என்று மகனிடம் கேட்டார்.

மூன்றாம் ஆண்டிலிருந்து அவர் ஒரு வழி கண்டார். அன்று பகலில் தாயாரிடம் செல்வார். புத்தாடை உடுத்த மாட்டார். கேக் வெட்டும்போது அருகே செல்ல மாட்டார். அதைப்பற்றி வாயும் திறக்க மாட்டார். தாயார் பரிமாறுவதைச் சாப்பிட்டு, மாலைவரை அவர் அருகே அமர்ந்திருந்துவிட்டு வருவார். "அம்மா போடுவது சாப்பாடு பாய், அது பண்டிகை இல்லை" என்றார் என்னிடம். அவருடைய சபையினர் சிலர், இது இரண்டுங்கெட்டான் நிலை என்று அவரைக் குறை கூறுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேரளத்துப் பிள்ளைகள் மூவரின் வழக்கை நினைத்துப் பாருங்கள். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள். பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு தீர்ப்பளித்தது. எழுந்து நின்றது அவர்கள் பிறருக்குக் கொடுத்த மரியாதை. வாய் திறக்காதது அவர்கள் இறைவனுக்குக் கொடுத்த வாக்கு. சிறுபான்மையாக வாழும் நம் அனைவரின் மனசாட்சிக்கும் அத்தீர்ப்பில் பங்கு உண்டு.

நமக்கு இது புதிய பாடமும் அன்று. தனக்கு இணைவைக்குமாறு பெற்றோர் வற்புறுத்தினால் அதில் கீழ்ப்படிய வேண்டாம் என்று கூறும் இறைவன், அதே மூச்சில், உலக வாழ்வில் அவர்களோடு நல்ல முறையில் உறவு கொண்டிருக்குமாறு லுக்மான் அத்தியாயத்தின் 15ஆவது வசனத்தில் பணிக்கின்றான். இணைவைப்பில் இருந்த தம் தாயார் தம்மைக் காண வந்தபோது, உறவைப் பேணலாமா என்று அஸ்மா (ரலி) அவர்கள் கேட்டார்கள். பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரியில் காண்கின்றோம். இணைவைப்பு என்ற பெரும் விஷயத்திலேயே நிலை இதுவாயின், சோறு பரிமாறும் தாயிடம் வாதம் புரிவதற்கு நமக்கு என்ன அவசரம்?

ஏன் 'நமக்கு' என்கின்றேன்? அந்த ஆசிரியர் வீட்டுக் கதையைக் கேட்டபோது, நம் மஹல்லாக்களின் கதை போலவே எனக்கு ஒலித்தது. ரபீயுல் அவ்வல் பிறந்தால் சுப்ஹான மவ்லிது ஓதிய வீடுகள் நம்மில் எத்தனை! வெளியூர் சென்று படித்து வந்த மகன், முதல் மூன்று தலைமுறையில் இது உண்டா என்று கேட்டு நிறுத்தினான். கேள்வி நியாயமானதே. இர்பில் நகரை ஆண்டு 1233இல் மறைந்த கோக்புரி மன்னர் பெருவிழாவாக எடுத்த செய்தி வரலாற்றில் இருக்கின்றது. இமாம் ஃபாகிஹானி எதிர்த்து எழுதினார். இமாம் சுயூத்தி அழகிய புதுமை என்று அதற்கு மறுமொழி எழுதினார். இதில் என் கருத்து என்ன என்பது ஊரறிந்தது. அதைப் பேச இன்று வரவில்லை. நேர்ச்சைச் சோற்றுக்காகத் தந்தையின் வீட்டு வாசலை மிதிக்காத மகன்களையும், அந்த மகனின் ஸலாமுக்குப் பதில் சொல்லாத தந்தைகளையும் நான் பார்த்திருக்கின்றேன். இரு தரப்பாரும் என்னிடம் வந்து ஆதாரம் கேட்டார்கள். உறவை வெட்டுவதற்கு எவரும் ஆதாரம் கேட்கவில்லை.

ஆகவே ஒரு கிறித்தவர் பண்டிகையை விட்டார் என்று கேள்விப்பட்டால், அவர் நம் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டார் என்று கணக்கிடாதீர்கள். யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை மறுப்பவர்கள். ஆனால் என் நண்பரைப் போன்ற பெந்தெகொஸ்தே சபையினர் ஏசுவைத் தேவகுமாரன் என்று முன்னினும் உறுதியாக நம்புகின்றனர். ஈஸா (அலை) அவர்களைக் குறித்து நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு அப்படியே இருக்கின்றது. அதனை நேரடியாக, கண்ணியமாகப் பேசலாம். ஒரு கிறித்தவர் தம் வேதத்திற்கு உண்மையாக இருக்க எடுத்த முடிவை, இன்னொரு கிறித்தவரை அடிக்கும் கம்பாக எடுப்பது நேர்மை அன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயம் 8ஆவது வசனத்தின் கருத்து. பகையே இல்லாத அண்டை வீட்டாரிடம் நீதி தவறுவது எவ்வளவு கேவலம்!

நான் முதலில் சொன்ன அந்த மிம்பர் பேச்சுக்கு வருகின்றேன். அது நிகழ்ந்து ஈராண்டுகளுக்குப் பின் ஒரு டிசம்பரில் என் பேரன் படித்த பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அவனுக்கு அப்போது எட்டு வயது. உடன் படித்த கிறித்தவச் சிறுமி நட்சத்திர ஒட்டுவில்லைகளை வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்திருக்கின்றாள். இவன் அதனைத் திருப்பிக் கொடுத்து, "உங்க ஏசு டிசம்பர்ல பொறக்கவே இல்ல, உங்க ஆளுங்களே சொல்லிட்டாங்க, எங்க தாத்தா பள்ளிவாசல்ல சொன்னாரு" என்றிருக்கின்றான். அந்தக் குழந்தை அன்று முழுவதும் அழுதிருக்கின்றாள். வாங்கிக்கொள்ள விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அது அவன் உரிமை. மற்றவை எல்லாம் என் சொற்கள்.

மாலையில் பேரனை அழைத்துக்கொண்டு அச்சிறுமியின் வீட்டிற்குச் சென்றேன். அவன் மன்னிப்புக் கேட்டான், நானும் கேட்டேன். சிறுமியின் தந்தை நாற்காலி போட்டு அமர வைத்துத் தேநீர் தந்தார். வாசலில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. "தேதி வேதத்தில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும் பாய், ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித் தருவார்கள். அவர் பிறந்தார் என்பதைத்தான் நாங்கள் கொண்டாடுகின்றோம், தேதியை அல்ல" என்றார். என்னிடம் மறுமொழி இருந்தது; மார்க்கத்தின்படி அதில் எனக்கு உடன்பாடும் இல்லை. அன்று நான் சென்றது அதற்காக அன்று. தேநீரைக் குடித்து முடித்தோம். சிறுமி உள்ளேயிருந்து வந்து, மீதமிருந்த ஒட்டுவில்லைகளைப் பேரனுக்குத் தெரியாமல் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.